தென்னகும்புர மேட்டில் நின்ற கார்

அழகமுத்து மின்சாரக் கார் வாங்கிய வருஷத்தில் கண்டி மஹய்யாவையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இருக்கவில்லை. கண்டி நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு நெடுங்காலம் லொறி ஓட்டியவர் அவர். முதலாளி இறந்ததும் பிள்ளைகள் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். லொறி விலைபோனது. கைக்கு வந்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு வேன் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். கட்டுகஸ்தோட்டையில் வண்டி விற்கும் ஒருவர் இந்தக் காரைக் காட்டினார். ஜப்பானில் சில வருஷம் ஓடிவிட்டுக் கப்பலில் வந்த பழைய கார். வெள்ளை நிறம். உட்கார்ந்து சாவியைத் தொட்டால் சத்தமே இல்லை. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் அழகமுத்து இரண்டு முறை இறங்கிப் பார்த்தார்.

மனைவி ஞானேஸ்வரிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "போன் மாதிரி சார்ஜ் போட்டு ஓட்டுற வண்டியில யாருங்க ஏறுவாங்க?" என்றாள்.

"பெற்றோலுக்குப் போற காசு முழுக்க நம்ம கையில நிக்கும். எண்ணெய் மாத்துற செலவு இல்ல, கிளச் தேயிற செலவு இல்ல. ஏறுறவங்க ஒரு தடவ ஏறிப் பார்க்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது முதல் இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. கண்டி மலை ஊர். ஏறும்போது கார் மின்சாரத்தைக் குடிக்கும். இறங்கும்போது கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். எந்த இறக்கத்தில் காலை எடுத்தால் எவ்வளவு திரும்பி வரும் என்று அழகமுத்துவுக்குப் பழகிவிட்டது. பிரேக்கைத் தொடாமல் வாவிக்கரையிலிருந்து தென்னகும்புரப் பாலம் வரை இறங்கிப் போவதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வீட்டு மின் கட்டணம் கூடினாலும், மற்ற வண்டிக்காரர்கள் பெற்றோல் நிரப்பும் செட்டில் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பிறகு பெற்றோல் இல்லாமல் போன காலம் வந்தது. செட்டுகளுக்கு முன்னால் வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தன. டிரைவர்கள் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டு, வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். அந்த நாட்களில் அழகமுத்துவின் கார் மட்டும் ஓடியது. மின்வெட்டும் இருந்ததுதான். ஆனால் மின்சாரம் வந்து போகும் நேரம் முன்கூட்டியே தெரியும். வந்ததும் ஞானேஸ்வரியே ஓடிப்போய் வயரைச் செருகுவாள். அதுவரை காரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன மனிதர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

குண்டசாலையிலிருந்து லீலாதேவி டீச்சர் அழைத்தது அப்போதுதான். அவருடைய கணவர் விவேகானந்தன், நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு மாற்றலாகி வந்து, குண்டசாலையில் வீடு கட்டி, அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே மகன் சுஜந்தன் கனடாவில். விவேகானந்தனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை அவரைக் கூட்டிப் போனது பக்கத்துச் சந்தியில் ஆட்டோ ஓடும் முனாஸ். அவன் பெற்றோல் வரிசையில் மாட்டிக்கொண்டான். "மஹய்யாவையில முத்தண்ணன்ட கார் கரண்ட்ல ஓடுது டீச்சர். அவருக்கு கோல் பண்ணுங்க" என்று நம்பரைக் கொடுத்தவனும் அவன்தான்.

முதல் நாள் காரில் ஏறியதும் விவேகானந்தன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். பிறகு, "தம்பி, வண்டி வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

"பாலம் தாண்டிட்டோம் சேர்."

"அட. ஆட்டோவில போனா எனக்கு எலும்பெல்லாம் கழண்டு போகும். இது தொட்டில் மாதிரிக் கிடக்கு."

பெற்றோல் திரும்பக் கிடைத்த பிறகும் அவர் முனாஸிடம் திரும்பிப் போகவில்லை. இயந்திரத்திலிருந்து எழுந்து வரும்போது அவருக்கு உடம்பு துணி மாதிரி இருக்கும். குலுக்காத அந்தக் காரில், ஏசி காற்றில், வீடு வரும்வரை தூங்குவார். முனாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தியில் கார் நின்றால் கையைத் தூக்கிச் சலாம் சொல்வான். ஹயர் காசை மாத முடிவில் சுஜந்தன் வங்கியில் போட்டுவிடுவான். மற்ற ஹயர்கள் வரும், போகும். மாதம் தவறாமல் வந்தது அது ஒன்றுதான்.

கெட்ட காலம் மெதுவாகத்தான் வந்தது. முதலில் மின் கட்டணம் கூடியது. திரும்பவும் கூடியது. தகப்பன் விட்டுப்போன வீட்டில் முன்பக்கம் அழகமுத்துவும் பின்பக்கம் தம்பி ரமேஸும் இருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும் கணக்கு அது. கார் குடித்ததற்கு அழகமுத்துதான் கொடுத்தார். ஆனாலும் ரமேஸ் ஒருநாள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தான்.

"அண்ணே, ஒங்க காருனால எங்க ஃபேனுக்கும் கூட வெல. நாங்க என்னமோ ஓட்டல் நடத்துற மாதிரி பில்லு வருது."

"நான்தானே கூடுதலா கட்டுறேன்."

"கூடுதலா கட்டுறீங்க. சரியா கட்டலியே."

தனி மீட்டர் எடுக்க அலைந்தார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் செத்துப்போன தகப்பன் பேரில் கிடந்தது. அதை மாற்றாமல் மீட்டர் கிடைக்காது. மாற்றுவதற்கு மாத்தளையில் இருக்கும் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த நாள் ஓட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வீட்டில் சார்ஜ் போடுவது. மிச்சத்தை வெளியே பணம் கொடுத்துப் போட்டுக்கொள்வது. வெளியே சார்ஜ் போடும் இடத்தில் விலை வீட்டைவிட அதிகம். வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். அங்கே ஒரு மணித்தியாலம் நின்றால் அந்த நேரத்தில் வரும் ஹயர் போய்விடும். அதனால் அழகமுத்து அங்கே போவதைத் தவிர்த்தார். எப்போதும் குறைந்த சார்ஜோடு ஓடப் பழகிக்கொண்டார்.

அடுத்தது பற்றரி. வாங்கும்போது காட்டிய தூரத்தில் பாதிகூட இப்போது ஓடவில்லை. டாஷ்போர்டில் பற்றரியின் பலத்தைக் காட்டும் கோடுகள் வருஷத்துக்கு ஒன்றாக அணைந்தன. புது பற்றரி என்றால் காரின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். ஒரு கராஜில் பழைய பற்றரிகளிலிருந்து பொறுக்கிய செல்களைப் போட்டுத் தந்தார்கள். அதற்கு ஞானேஸ்வரியின் வளையல்கள் போயின. சில மாதம் நன்றாக ஓடிற்று. பிறகு முன்பைவிட மோசமானது. அந்தக் கராஜ்காரனைத் தேடிப் போனபோது அங்கே சைக்கிள் கடை இருந்தது.

தெல்தெனியவுக்கு வரச் சொன்னால் அழகமுத்து முடியாது என்றார். பேராதனைக்குப் போனால் அன்றைக்கு வேறு எங்கும் போகவில்லை. கூப்பிட்டவர்கள் இரண்டு முறை மறுப்பைக் கேட்டுவிட்டு மூன்றாம் முறை கூப்பிடாமல் விட்டார்கள். இதற்குள் புதிய மின்சாரக் கார்கள் ஊருக்குள் வந்துவிட்டன. ஒருமுறை சார்ஜ் போட்டால் கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும் வண்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தும்போது அழகமுத்து தன் காரைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.

ஏசியை நிறுத்தியது அந்தச் சமயத்தில்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். பஸ் புகை உள்ளே வரும். விவேகானந்தன் இருமுவார். மழைக்காலத்தில் கண்ணாடியை ஏற்றினால் முன்கண்ணாடியில் பனி படியும். அதைப் போக்க ஹீட்டர் போட்டால் அது ஏசியைவிட அதிகமாகக் குடிக்கும். அழகமுத்து ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். பின்சீட்டில் லீலாதேவி கணவருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திவிடுவார். ஒருநாளும் வாய் திறந்து குறை சொல்லவில்லை.

"ஏசி வேண்டாம் தம்பி. எனக்குக் குளிர் சரிவராது" என்று விவேகானந்தன் தானாகவே சொல்லுவார். முன்பு ஏசி காற்றில் தூங்கியவர்தான் அவர்.

போன வருஷம் நவம்பர் கடைசியில் புயல் வந்தது. புதன்கிழமை ஒரு நகர ஓட்டத்துக்கு மட்டும் போதுமான அளவு சார்ஜ் போட்டிருந்தார் அழகமுத்து. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு வியாழன் இரவு போட்டால் போதும் என்று விட்டுவிட்டார். வியாழன் பகலிலேயே மின்சாரம் போய்விட்டது. மழை நிற்கவில்லை. வெள்ளியன்று ஊரே மூடிக் கிடந்தது. மண் சரிந்த இடங்களின் பேர்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சனங்கள் வாசலில் நின்றார்கள். தொலைபேசி வேலை செய்யவில்லை. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சார்ஜ் போடும் இடங்களும் இருட்டாகக் கிடந்தன. பெற்றோல் செட்டுகளில் ஜெனரேட்டர் வைத்து அடித்தார்கள். வரிசை நீளம்தான், ஆனாலும் கிடைத்தது.

ஞாயிறு காலையில் லீலாதேவியின் அழைப்பு ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"அழகமுத்து, இவருக்கு முகமெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு விடக் கஷ்டப்படுறார். படுக்கேலாமல் இருத்தி வச்சிருக்கிறன். ஆஸ்பத்திரியில வரச் சொல்லினமாம். ரோட்டும் திறந்து விட்டிருக்கினமாம். வருவீங்களே?"

"வர்றேன் டீச்சர்."

காரில் கால்வாசி சார்ஜ் இருந்தது. ஞானேஸ்வரி அதைப் பார்த்தாள். "இது போய்த் திரும்புமா?"

"போற பாதை எறக்கம். கொஞ்சம் திரும்ப ஏறும். வர்றப்ப மெதுவா வந்தா வந்துரலாம்."

"எதுக்குங்க இந்த வம்பு? முனாஸ் அவங்க வீட்டுக்குப் பக்கத்துலதானே இருக்காரு. அவரக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அழகமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒருக்கா அவன்கிட்ட குடுத்தா அவ்வளவுதான். அப்புறம் அது அவனோட ஹயர்."

வாவிக்கரையில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு பக்கம் வெட்டி வழி விட்டிருந்தார்கள். இறக்கத்தில் அவர் நினைத்த அளவு சார்ஜ் திரும்பி வரவில்லை. சேறும் கற்களுமாகக் கிடந்த பாதையில் அடிக்கடி நின்று நின்று போக வேண்டியிருந்தது. பாலத்துக்குக் கீழே மகாவலி தேநீர் நிறத்தில் கரையைத் தின்றுகொண்டு போயிற்று.

குண்டசாலைச் சந்தியில் முனாஸின் ஆட்டோ நின்றது. காரைக் கண்டதும் அவன் மழையில் இறங்கி வந்தான்.

"சேரை எடுக்கத்தான் போறீங்களா அண்ணன்? மேல ஏறுமா வண்டி? கரண்ட் இல்லாம நாலு நாளாச்சே. நான் நேத்து தேங்க் நெரப்பினேன். வேணுமெண்டா நான் கொண்டு போய் விடுறேன். காசு நீங்களே எடுத்துக்கங்க."

"வேணாம் முனாஸ். சார்ஜ் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

விவேகானந்தனை இரண்டு பேராகத் தாங்கித்தான் காரில் ஏற்றினார்கள். அவரால் சாய முடியவில்லை. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தபடி இருந்தார். ஒவ்வொரு மூச்சும் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்டது.

பாலத்தைத் தாண்டியதும் பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மேலே திரும்பவும் மண் இறங்கிவிட்டது. அம்பிட்டிய பக்கமாக ஏறும் சின்னப் பாதையால் போகச் சொன்னார். அது வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும் பாதை. டாஷ்போர்டு இன்னும் சில கிலோமீற்றர் ஓடலாம் என்று காட்டியது. அது சமதரைக் கணக்கு என்பது அழகமுத்துவுக்குத் தெரியும். திரும்பிப் போய் முனாஸைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் போதும். அவர் பின்னால் பார்த்தார்.

"போங்கோ தம்பி" என்றார் லீலாதேவி. "நேரம் போகுது."

அழகமுத்து காரை மேட்டில் ஏற்றினார்.

மூன்றாவது வளைவில் டாஷ்போர்டில் ஆமைப் படம் ஒளிர்ந்தது. இதற்கு மேல் பலம் இல்லை என்பதற்கு அந்தக் காரில் வரும் அடையாளம் அது. அழகமுத்து வைப்பரை நிறுத்தினார். லைட்டை நிறுத்தினார். கார் நடையின் வேகத்துக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை. சத்தமில்லாமல் நின்றது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மழை மட்டும் கூரையில் அடித்தது.

"என்ன, வந்திட்டமே?" என்று விவேகானந்தன் கேட்டார்.

அழகமுத்து சில்லுக்குக் கல் வைத்துவிட்டு மேல்நோக்கி ஓடினார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். செருப்பு சேற்றில் போயிற்று. தொலைபேசியில் சிக்னல் இல்லை. முதல் வீட்டில் மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. அடுத்த வீட்டில் ஆள் இல்லை. மேலே பிரதான பாதைக்கு ஏறி, தகரம் ஏற்றி வந்த ஒரு சின்ன லொறியை மறித்துக் கெஞ்சினார். சிங்கள டிரைவர் மறுபேச்சு இல்லாமல் லொறியைப் பின்னோக்கி இறக்கினார். அந்த வளைவுகளில் அதற்கே வெகுநேரம் பிடித்தது. விவேகானந்தனை முன்சீட்டுக்கு மாற்றும்போது அவருடைய உதடுகள் கறுத்திருந்தன. லீலாதேவி பக்கத்தில் நெருங்கி ஏறிக்கொண்டார். அழகமுத்து பின்னால் தகரங்களின் மேல் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரை போனார்.

ஆஸ்பத்திரியில் உடனே எடுத்தார்கள். இயந்திரத்திலும் போட்டார்கள். திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் விவேகானந்தன் இறந்து போனார். நீர் கூடி இதயம் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று லீலாதேவி கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது அம்மா என்று மட்டும் சொன்னார்.

மகன் வரும்வரை வைத்திருந்து, மஹய்யாவை மயானத்தில் எரித்தார்கள். அழகமுத்துவின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அவர் போய், கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து ஞானேஸ்வரி வற்புறுத்தியதால் பஸ்ஸில் குண்டசாலைக்குப் போனார். சுஜந்தன்தான் கதவைத் திறந்தான். மொட்டையடித்த தலை. நாற்பது வயது இருக்கும். உட்காரக் கதிரையைக் காட்டினான். தானும் எதிரே இருந்தான்.

"சார்ஜ் இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் ஏத்தினனீங்கள்?"

"வந்துரும்னு நெனச்சேன் தம்பி."

"சந்தியில நிண்ட முனாஸ், தான் கொண்டு போறன் எண்டு கேட்டவராம். காசும் வேண்டாமெண்டவராம்."

"கேட்டாரு."

"பிறகு?"

அழகமுத்து வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மழை என்று சொல்லியிருக்கலாம், பொலிஸ்காரர் பாதையை மாற்றிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். "ஒங்க வீட்டு ஹயர் ஒண்ணுதான் எனக்கு நெரந்தரமா இருந்துச்சு. அது கை மாறிப் போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார்.

சுஜந்தன் எழுந்தான். அடிக்க வருகிறான் என்றே அழகமுத்து நினைத்தார். அவன் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்ப வெளியே வரவில்லை.

லீலாதேவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"புயலுக்கு முந்தின கிழமை நான் மகனோட போனில கதைச்சனான்" என்றார் லீலாதேவி. "இனி முனாசையே பிடிப்பம் எண்டு. கண்ணாடி திறந்து போறதில அவரால குளிர் தாங்கேலாமல் போச்சு, முனாஸ் ஆட்டோவைச் சுத்தித் திரை போட்டிருக்கிறான். அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்ல."

"தெரியும் டீச்சர்."

"எப்பிடித் தெரியும்?"

"செவ்வாக்கெழம எறங்குறப்ப, வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு வரணும்னு நீங்க சொல்லல. எப்பவும் சொல்லுவீங்க."

லீலாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்டைக்கு முனாசின்ர நம்பர் என்னட்டயும் இருந்தது" என்றார். "பழக்கத்தில உங்களுக்குத்தான் எடுத்தனான்."

அழகமுத்து தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

காரை மேட்டிலிருந்து இழுத்து வரக் கொடுத்த காசுதான் அதற்காக அவர் செய்த கடைசிச் செலவு. மின்சாரம் வந்த பிறகும் அவர் வயரைச் செருகவில்லை. இரண்டு மாதம் வாசலில் நின்றது. திகனவில் ஒருவர், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டவர், பற்றரிக்காக வந்து பார்த்தார். கார் ஓட உதவாத பற்றரி வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கப் போதுமாம். மிச்சத்தை இரும்புக்காரனுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு ரமேஸும் வந்து சேர்ந்து தள்ளினான். மாத முடிவில் வந்த பில்லைப் பார்த்து, குறைந்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தவன், முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அழகமுத்து இப்போது பலகை விற்கும் ஒரு மரக்காலைக்கு லொறி ஓட்டுகிறார். மாதச் சம்பளம். டீசல் முதலாளியுடையது. மார்ச் மாதத்தில் லீலாதேவி மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். போகும் அன்று பகலில் அழகமுத்துவின் தொலைபேசி அடித்தது. அவர் தெல்தெனியவில் பலகை இறக்கிக்கொண்டிருந்தார். திரையில் டீச்சரின் பேரைப் பார்த்தார். அடித்து முடியும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னேரம் வேலை முடிந்து, கையைக் கழுவிவிட்டுத் திரும்ப எடுத்தபோது அந்த நம்பரோடு இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொல்லிற்று.